கணினி எதைக் குறித்து வைக்கிறது, எதை வைப்பதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வர்களையும் விண்டோஸ் கணினிகளையும் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்களிடம் மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் புதிய அட்மின்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஒரு பதிவு என்ன நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டதோ, அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே அது சொல்லும். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான குழப்பங்கள், ஒரு காரியத்துக்காக எழுதப்பட்ட பதிவை வேறொரு காரியத்துக்குச் சாட்சியாக வாசிப்பதால் வருபவை.

நான் கணினியில் செய்வதையெல்லாம் இயங்குதளம் எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறதா?

இல்லை. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் எந்த இயங்குதளமும் இயல்பு நிலையில் பதிவு செய்வதில்லை. அப்படிப் பதிவாகிறது என்றால், யாரோ ஒருவர் அதற்கான வசதியை வேண்டுமென்றே இயக்கியிருக்கிறார் அல்லது தனியாக ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறார் என்று பொருள்.

இயல்பாக நடப்பவை மூன்று வகை. லாகின், லாக் அவுட், கணினி தொடக்கம், நிறுத்தம், பிழைகள் போன்றவை நிகழ்ச்சிப் பதிவுகளாக நேரத்தோடு எழுதப்படுகின்றன. சிபியு, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் ஆகியவற்றின் பயன்பாடு எண்ணிகளாக, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது; யாரும் எடுத்துச் சேமிக்காவிட்டால் கணினி அணைந்ததும் அந்த எண்கள் போய்விடும். மூன்றாவது வகை, கண்காணிப்பை நினைத்தே பார்க்காமல், கணினி வேகமாக இயங்கவோ உங்கள் வசதிக்காகவோ உருவாகும் தடயங்கள். சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலும், பின்னால் வரும் ப்ரீஃபெட்ச் கோப்புகளும் இந்த வகை.

இதையெல்லாம் எதற்காக ஆரம்பித்தார்கள்? உளவு பார்க்கவா?

பணம் வசூலிக்க. 1961-இல் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற நேரப் பகிர்வு அமைப்பு செய்து காட்டப்பட்டது முதலே, ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. அன்று கணினியின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருந்தது. யூனிக்ஸ் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) முடியும்போது ஒரு சிறு பதிவை எழுதும் 'ப்ராசஸ் அக்கவுண்டிங்' இன்றும் லினக்ஸில் இருக்கிறது. அதன் பெயரிலேயே கணக்குப் புத்தகம் இருக்கிறது. 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய சிஸ்லாக், பிழைகளை ஒரே இடத்தில் சேர்க்க வந்தது. விண்டோஸின் ஈவென்ட் லாக் 1993-இல் என்டி 3.1-உடன் வந்தது.

பில் போட வைத்த கணக்கு பாதுகாப்புக்கும் உதவும் என்பதை உலகுக்குக் காட்டியது 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்த சம்பவம். வானியலாளரான கிளிஃபோர்ட் ஸ்டோல் அங்கே கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, ஏன் என்று பார் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அங்கே இரண்டு கணக்கு நிரல்கள் ஓடின: ஒன்று யூனிக்ஸுடன் வந்தது, மற்றொன்று ஆய்வகத்திலேயே எழுதப்பட்டது. கட்டண முகவரி இல்லாத ஒரு பயனர் சில நொடிகள் கணினியைப் பயன்படுத்தியதுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். அந்தப் பயனர் கணக்கை உருவாக்கியது யார் என்று பின்தொடர்ந்தபோது, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து, கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற மார்க்கஸ் ஹெஸ் அகப்பட்டார். ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கு வைத்ததால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. பதிவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் அதுதான். கீழே அட்மினைப் பற்றிய கேள்வியில் இது மீண்டும் தேவைப்படும்.

லினக்ஸில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று எங்கே பார்ப்பது?

வழிவழியாக வந்த கோப்புகள் நான்கு. இப்போது உள்ளே இருப்பவர்கள் 'யூடிஎம்பி' கோப்பிலும், வந்துபோனவர்களின் வரலாறு 'டபிள்யூடிஎம்பி' கோப்பிலும், தோற்றுப்போன முயற்சிகள் 'பிடிஎம்பி' கோப்பிலும், ஒவ்வொரு பயனரும் கடைசியாக வந்த நேரம் 'லாஸ்ட்லாக்' கோப்பிலும் இருக்கும். இவை பைனரி கோப்புகள். எடிட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. முறையே 'ஹூ', 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி', 'லாஸ்ட்லாக்' என்ற கட்டளைகளால் வாசிக்க வேண்டும்.

'லாஸ்ட்' தரும் ஒரு வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: 'லேப்07, பிடிஎஸ்/0, 10.20.4.17, செவ்வாய் மார்ச் 4, 09:12 – 11:47 (02:35)'. முதலில் பயனர் கணக்கு. அடுத்தது டெர்மினல், 'பிடிஎஸ்' என்றால் தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் போன்ற வழியிலோ, திரையில் திறந்த டெர்மினல் சாளரத்திலோ வந்தது. பிறகு எந்த முகவரியிலிருந்து, எப்போது வந்து எப்போது போனார், மொத்தம் எவ்வளவு நேரம். இந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பது இந்தக் கோப்பில் இல்லை. பட்டியலின் அடியில் இந்தக் கோப்பு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் 'போன வருஷம் இவர் வரவே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல லினக்ஸ் வகைகளில் இந்தக் கோப்பு மாதம் ஒருமுறை சுழற்றப்பட்டு (பழையது ஒதுக்கப்பட்டு, புதியது தொடங்கப்பட்டு), ஒரு பழைய மாதம் மட்டுமே வைக்கப்படுகிறது.

தோற்றுப்போன முயற்சிகளின் கோப்பை, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனர் தவிர மற்றவர்கள் வாசிக்க முடியாதபடி வைப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிடுபவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு 'பயனர் பெயர்' என்ற கட்டத்தில் அப்படியே பதிவாகிவிடும். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள்.

சிலருக்கு வெளியேறிய நேரமே இல்லையே. இன்னும் உள்ளேயே இருக்கிறார்களா?

வந்தது ஒரு பதிவு, போனது இன்னொரு பதிவு. 'லாஸ்ட்' இரண்டையும் ஜோடி சேர்த்துக் காட்டுகிறது. மின்சாரம் போய் கணினி சட்டென்று அணைந்தால் வெளியேறிய பதிவு எழுதப்படவே இல்லை. அடுத்த முறை கணினி தொடங்கிய பதிவைக் கண்டதும், அந்த லாகினுக்கு நேராக 'கிராஷ்' என்று போட்டுவிடும். அதன் பக்கத்தில் வரும் கால அளவு கணினி மறுபடி தொடங்கிய நேரம் வரை கணக்கிடப்பட்டது. ஆகவே வெள்ளி மாலை மின்சாரம் போய், திங்கள் காலை இயக்கினால், ஒருவர் மூன்று நாள் இடைவிடாமல் வேலை செய்ததுபோல் தெரியும். வருகைப் பதிவுக்கு இந்தக் கோப்பைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் இந்த விவரம் எங்கே இருக்கும்?

ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதில் 'செக்யூரிட்டி' என்ற லாகைப் பாருங்கள். வெற்றிகரமான லாகினுக்கு 4624, தோல்விக்கு 4625, பயனரே வெளியேறினால் 4647, அமர்வு முடிந்ததற்கு 4634 என்று ஒவ்வொரு வகை நிகழ்ச்சிக்கும் ஓர் எண் உண்டு. கணினி தொடங்கியதையும் நின்றதையும் 'சிஸ்டம்' லாகில் 6005, 6006 என்ற எண்களில் காணலாம். முறையாக நிறுத்தப்படாமல் அணைந்திருந்தால் 6008 இருக்கும்.

முதன்முறை பார்ப்பவர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான 4624-களைக் கண்டு மிரண்டுபோகிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 'லாகான் டைப்' என்று ஓர் எண் இருக்கும், அதுதான் திறவுகோல். 2 என்றால் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து வந்தவர். 3 என்றால் பகிரப்பட்ட கோப்புறை, பிரிண்டர் போன்றவற்றுக்காக நெட்வொர்க் வழியாக வந்தது. 4 என்பது நேரம் குறித்துவைத்த வேலை, 5 என்பது பின்னணியில் ஓடும் சர்வீஸ், 7 என்பது பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்பது ரிமோட் டெஸ்க்டாப். அந்த நூற்றுக்கணக்கானவற்றில் பெரும்பாலானவை 5 ஆகத்தான் இருக்கும். ஒரு லாகினையும் அதன் வெளியேற்றத்தையும் ஜோடி சேர்க்க நேரத்தை நம்பாமல், இரண்டிலும் உள்ள 'லாகான் ஐடி' ஒன்றா என்று பாருங்கள்.

இரவு 2 மணிக்கு என் கணக்கில் லாகின் ஆனதாகக் காட்டுகிறது. யாராவது புகுந்துவிட்டார்களா?

முதலில், மேலே சொன்ன லாகான் டைப்பைப் பாருங்கள். உங்கள் கணக்கின் பெயரில் இரவு பேக்கப் எடுக்க நேரம் குறித்துவைத்திருந்தால் 4 வரும். வேறொரு கணினியில் உங்கள் நெட்வொர்க் டிரைவ் இணைந்திருந்தால் 3 வரும். இவற்றில் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் 10 வந்து, உங்களுக்குத் தெரியாத முகவரி அதில் இருந்தால், அது உடனே கவனிக்க வேண்டியது. அதற்குச் சற்று முன்னால் 4625 வரிசையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல தோல்விகளுக்குப் பின் ஒரு வெற்றி என்பது பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்ததன் வழக்கமான வடிவம்.

இரண்டாவதாக, அது உண்மையிலேயே இரவு 2 மணியா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

லாகில் உள்ள நேரமும் என் கடிகாரமும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசப்படுகிறதே?

பெரும்பாலான பதிவுகள் உள்ளே யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. காட்டும்போதுதான் உள்ளூர் நேரத்துக்கு மாற்றப்படுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஈவென்ட் வியூவர் ஒரு நிகழ்ச்சியைக் காலை 7:40 என்று காட்டும்; அதே நிகழ்ச்சியின் எக்ஸ்எம்எல் வடிவத்தைத் திறந்தால் 02:10 என்று இருக்கும். கிளவுடில் வாங்கிய சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியிலேயே அமைந்திருப்பதால், அங்கே எழுத்து வடிவ லாகில் உள்ள நேரமும் அப்படியே இருக்கும். 'இரவு 2 மணி லாகின்' பற்றி வரும் புகார்களில் இதையே முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும்.

கடிகாரமே தவறாக ஓடினால் எந்த மாற்றக் கணக்கும் உதவாது. இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருப்பது இதனால்தான் முக்கியமாகிறது. இரண்டு கணினிகளின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தினமும் ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன். டாஸ்க் மேனேஜர் 9 நாளாக ஓடுவதாகச் சொல்கிறதே?

விண்டோஸ் 8-இலிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் செய்யும்போது உங்கள் அமர்வு மட்டுமே முழுதாக மூடப்படுகிறது. கர்னலின் நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது. அதனால் 'அப் டைம்' எண்ணி தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எந்த நிரலை எப்போது ஓட்டினேன் என்பது தெரிந்துவிடுமா?

விண்டோஸில் ஓரளவு தெரியும். ஒரு நிரல் விரைவாகத் திறப்பதற்காக, அது தொடங்கும்போது எந்தெந்தக் கோப்புகளைப் படித்தது என்பதை 'ப்ரீஃபெட்ச்' கோப்புறையில் விண்டோஸ் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பில் நிரலின் பெயரும், எத்தனை முறை ஓடியது என்பதும், விண்டோஸ் 8-இலிருந்து கடைசி எட்டு முறை ஓடிய நேரங்களும் இருக்கின்றன. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'யூசர்அசிஸ்ட்' என்ற பகுதியும் இதுபோல எண்ணிக்கை வைக்கிறது. யார் ஓட்டினார் என்பது ப்ரீஃபெட்சில் இல்லை. யூசர்அசிஸ்ட் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸ் தொடக்கத்தையும் செக்யூரிட்டி லாகில் எழுதும் 4688 நிகழ்ச்சி இயல்பாக நிறுத்தப்பட்டே இருக்கும். அட்மின்தான் இயக்க வேண்டும்.

லினக்ஸில் எல்லோரும் முதலில் ஓடுவது, தட்டிய கட்டளைகளின் பட்டியலான பேஷ் ஹிஸ்டரிக்கு. அதை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. அது பயனரின் வசதிக்காகப் பயனரின் சொந்தக் கோப்புறையில் இருக்கும் கோப்பு. அவரே திருத்தலாம், அழிக்கலாம். இயல்பாக ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) மூடும்போதுதான் எழுதப்படுகிறது. தனியாக அமைக்காவிட்டால் நேரமும் இருக்காது. உருப்படியான பதிவு வேண்டுமானால் முன்பு சொன்ன ப்ராசஸ் அக்கவுண்டிங்கை இயக்கி, 'லாஸ்ட்காம்' கட்டளையால் பார்க்கலாம். அதிலும் நிரல் பெயரின் முதல் 15 எழுத்துகள், பயனர், டெர்மினல், எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவைதான் இருக்கும். கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' ஓடியது தெரியும். எந்தக் கோப்பை அழித்தது என்பது தெரியாது. முழுக் கட்டளையும் வேண்டுமென்றால் லினக்ஸ் ஆடிட் அமைப்பை நிறுவி, அதற்கான விதியை எழுதியிருக்க வேண்டும்.

ஒரு கோப்பை யார் திறந்து பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முன்னதாகவே ஏற்பாடு செய்திருந்தால் முடியும்; சம்பவம் நடந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் முடியாது. கோப்பின் பண்புகளில் 'கடைசியாகத் திறந்த நேரம்' என்று இருப்பதைப் பலர் நம்புகிறார்கள். லினக்ஸ் 2009 முதல் இயல்பாக 'ரெல்ஏடைம்' என்ற முறையைப் பின்பற்றுகிறது: பழைய திறப்பு நேரம் 24 மணி நேரத்துக்கு முந்தையதாகவோ, கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைவிடப் பழையதாகவோ இருந்தால் மட்டுமே புதுப்பிக்கும். காலையில் ஒருவர் திறந்து, மாலையில் இன்னொருவர் திறந்தால் காலை நேரமே நிற்கும். விண்டோஸும் விஸ்டா முதல் பல ஆண்டுகள் வேகத்துக்காக இந்த நேரத்தைப் புதுப்பிக்காமலே விட்டிருந்தது. தவிர, வைரஸ் ஸ்கேனரும் பேக்கப்பும்கூடக் கோப்பைத் திறக்கத்தான் செய்கின்றன. ஊதியப் பட்டியல் போன்ற முக்கியக் கோப்புறைகளுக்கு விண்டோஸில் ஆப்ஜெக்ட் ஆடிட்டையோ, லினக்ஸில் ஆடிட் விதியையோ இன்றே அமைத்துவிடுங்கள்.

சிபியு 30 சதவீதம் என்கிறது. அந்த எண் எப்படி வருகிறது?

கர்னல் சதவீதத்தைச் சேமிப்பதில்லை. பயனர் நிரல்களுக்காக எவ்வளவு நேரம், கர்னலுக்காக எவ்வளவு நேரம், சும்மா இருந்தது எவ்வளவு, டிஸ்க்குக்காகக் காத்திருந்தது எவ்வளவு என்று கணினி தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே போகும் எண்ணிகள்தான் அதனிடம் உள்ளன. வீட்டு மின்மீட்டரில் இரண்டு தேதிகளின் ரீடிங்கைக் கழித்து யூனிட் கணக்கிடுவதுபோல, ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'டாப்' போன்ற கருவிகள் இரண்டு முறை எண்ணிகளைப் படித்து, வித்தியாசத்தைக் கடந்த நேரத்தால் வகுக்கின்றன. எனவே 30 சதவீதம் என்பது அந்த இடைவெளியின் சராசரி. மூன்று நொடி இடைவெளியில் ஒரு நொடி முழுவீச்சாக ஓடி, இரண்டு நொடி ஓய்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும்.

விண்டோஸில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 சதவீதம் எடுப்பதைக் கண்டு அதை நிறுத்த முயல்பவர்கள் உண்டு. அது சிபியு சும்மா இருந்த நேரத்துக்கான கணக்கு. அது அதிகமாக இருப்பது நல்ல செய்தி.

'டாப்' ஒரு ப்ராசஸுக்கு 250 சதவீதம் காட்டுகிறது. அது எப்படி?

லினக்ஸின் 'டாப்' இயல்பாகச் சிபியுவின் ஒரு கோரை (தனியாக வேலை செய்யும் பகுதி) 100 என்று கொள்கிறது. இரண்டரை கோர்களுக்குச் சமமான வேலை நடக்கிறது என்று பொருள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோர்களையும் சேர்த்து 100 என்று கொள்வதால், எட்டுக் கோர் கணினியில் அதே வேலையை ஏறத்தாழ 31 என்று காட்டும்.

கண நேரத்தில் ஓடி முடியும் சிறு நிரல்கள் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடாதா?

நல்ல கேள்வி, இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, கர்னல் எப்படி அளக்கிறது என்பது. பழைய முறையில் நொடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ கடிகாரம் குறுக்கிடும்; அந்தக் கணத்தில் எந்த ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதன் கணக்கில் ஒரு முழு 'டிக்' எழுதப்படும். இரண்டு டிக்குகளுக்கு இடையில் எழுந்து, வேலை முடித்து, தூங்கிவிடும் ப்ராசஸுக்குச் செலவு பூஜ்யம். பாவம், டிக் விழும்போது மாட்டியதன் தலையில் எல்லாம் விழும். 2007-இல் வந்த 2.6.23 பதிப்பின் புதிய ஷெட்யூலர் (எந்த ப்ராசஸ் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) முதல், லினக்ஸ் ஒவ்வொரு ப்ராசஸும் ஓடிய நேரத்தை நானோநொடியில் கூட்டிவருகிறது. விண்டோஸும் விஸ்டா முதல் சிபியுவின் சுழற்சி எண்ணியைப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது, கருவி எப்படிப் பார்க்கிறது என்பது. 'டாப்' புதுப்பிக்கும் கணத்தில் உயிரோடு இருக்கும் ப்ராசஸ்களை மட்டுமே பட்டியலிடுகிறது. நொடிக்கு நூறு சிறு நிரல்களைத் தொடங்கி முடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடினால், மொத்த சிபியு 80 சதவீதம் என்று மேலே காட்டும். கீழே பட்டியலில் யாருமே 5 சதவீதத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அப்போதுதான் ப்ராசஸ் முடியும்போது எழுதும் அக்கவுண்டிங் கைகொடுக்கும். அதில் அந்தச் சிறு நிரலின் பெயர் ஆயிரக்கணக்கான வரிகளாக நிற்கும்.

லோடு ஆவரேஜ் 12 என்கிறது. ஆனால் சிபியு சும்மா இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையுமே. லோடு ஆவரேஜில் வரும் மூன்று எண்கள் 1, 5, 15 நிமிடங்களுக்கான, பழைய மதிப்புகளின் எடை படிப்படியாகக் குறையும் சராசரிகள். பல யூனிக்ஸ் அமைப்புகள் ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற ப்ராசஸ்களை மட்டுமே எண்ணும். லினக்ஸ் 1993 முதல், டிஸ்க் போன்ற ஒன்றுக்காகக் குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. 'டாப்' பட்டியலில் இவற்றின் நிலை 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்படும்.

ஆகவே, நெட்வொர்க் வழியாக இணைத்த ஒரு டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றால், அதைத் தொட்ட பன்னிரண்டு ப்ராசஸ்கள் 'டி' நிலையில் உறைந்துவிடும்; லோடு 12-க்கு ஏறும்; சிபியுவுக்கோ வேலையே இருக்காது. கூடுதல் சிபியு வாங்குவது இங்கே வீண் செலவு.

ராமில் 'ஃப்ரீ' என்று 300 எம்பிதான் காட்டுகிறது. சர்வர் நின்றுவிடுமா?

'ஃப்ரீ' என்ற நெடுவரிசையைப் பார்க்காமல் 'அவெய்லபிள்' என்பதைப் பாருங்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தால் பயனில்லை என்பதால், டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை லினக்ஸ் அதில் வைத்துக்கொள்கிறது. ஒரு நிரல் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டைக் கர்னலே 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து தருகிறது. உண்மையிலேயே நினைவகம் தீர்ந்துபோனால் கர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்து கொன்றுவிடும். 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரி கர்னல் லாகில் இருக்கும். டேட்டாபேஸ் 'தானாக' நின்றுவிட்டது என்பவர்கள் முதலில் தேட வேண்டிய வரி அது.

எல்லா ப்ராசஸ்களின் 'ஆர்எஸ்எஸ்' (ஒரு ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவு) எண்களையும் கூட்டினால் மொத்த ராமைவிட அதிகமாக வருகிறதே என்பதும் இதோடு சேர்ந்து வரும் கேள்வி. பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாக ஏறுவதால் அப்படி ஆகிறது. பகிர்ந்ததைப் பங்கு போட்டுக் கணக்கிடும் 'பிஎஸ்எஸ்' எண்ணைக் கூட்டினால் சரியாக வரும்.

நேற்று மாலை சர்வர் ரொம்ப மெதுவாக இருந்தது. இன்று காரணம் பார்க்க முடியுமா?

முதல் பதிலில் சொன்னதுபோல எண்ணிகள் தம் பழைய மதிப்புகளை நினைவில் வைப்பதில்லை. யாராவது இடையிடையே எடுத்து எழுதியிருக்க வேண்டும். லினக்ஸில் அந்த வேலையை 'சிஸ்ஸ்டாட்' தொகுப்பு செய்கிறது: வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிகளைச் சேமிக்கும்; 'சார்' கட்டளையால் நேற்று மாலை 5 மணி நிலவரத்தைக் கேட்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிறுவினால் மட்டும் போதாது. சேகரிப்பைத் தனியாக இயக்கவும் வேண்டும். இதை மறந்துவிட்டு, தேவைப்படும் நாளில் வெறும் கோப்புறையைப் பார்த்து நிற்பது வருத்தமான அனுபவம். புதிய சர்வர் அமைத்த அன்றே செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 8 முதல் 'ஸ்ரம்' என்ற அமைப்பு தானாகவே ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு பயனரின் பெயரில் எவ்வளவு சிபியு எடுத்தது, நெட்வொர்க்கில் எத்தனை பைட் அனுப்பியது, பெற்றது என்பதை ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை ஒரு டேட்டாபேஸில் எழுதுகிறது. ஒன்றிரண்டு மாதக் கணக்கு அதில் தங்கும். பேட்டரி, டேட்டா செலவைக் கவனிக்க வந்த இந்த வசதிதான், ஒரு கணினியிலிருந்து பெரிய அளவில் தரவு வெளியே போனதா என்று ஆராய்பவர்களுக்கு இன்று பெரிதும் உதவுகிறது.

லாக் கோப்புகள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அழித்துவிடலாமா?

கையால் அழிக்காதீர்கள். ஒரு சர்வீஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும் மறையும். அந்த சர்வீஸ் அதை மூடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. பதிவும் போய், இடமும் கிடைக்காமல் நிற்பீர்கள். லாகுகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் அமைப்பைச் சரிசெய்யுங்கள். லினக்ஸ் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகான ஜர்னல், தானாகவே அந்தப் பார்டிஷனில் 10 சதவீதத்தையோ 4 ஜிபியையோ, எது குறைவோ அதைத் தாண்டாது. பழையதைக் குறைக்க அதற்கே கட்டளை உண்டு.

'லாஸ்ட்லாக்' கோப்பு 292 ஜிபி என்று காட்டுகிறது என்று பதறுபவர்களுக்கு: ஒவ்வொரு பயனர் எண்ணுக்கும் 292 பைட் இடம் வரிசையாக ஒதுக்கப்பட்ட கோப்பு அது. நிறுவன டொமைனில் ஒருவருடைய பயனர் எண் நூறு கோடியை ஒட்டி இருந்தால் கோப்பின் நீளம் அவ்வளவு தூரம் போய்விடும். நடுவில் உள்ளவை வெற்றிடம்; டிஸ்க்கில் சில கிலோபைட்தான் எடுத்திருக்கும். 'டியூ' கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்மினே நினைத்தால் தன் தடயத்தை அழித்துவிடலாமே?

அந்தக் கணினியில் உள்ளவற்றைப் பொறுத்தவரை, ஆம். ரூட் அதிகாரம் உள்ளவர் மேலே சொன்ன எந்தக் கோப்பையும் மாற்றலாம். விண்டோஸில் செக்யூரிட்டி லாகை முழுதாகத் துடைத்தால், துடைத்தவர் பெயரோடு 1102 என்ற நிகழ்ச்சி துடைத்த லாகில் முதல் வரியாக எழுதப்படும். என்ன இருந்தது என்பது போய்விட்டாலும், துடைத்தது தெரியும்.

இதற்கு மாற்று, பெர்க்லியில் நடந்ததுதான்: கணக்கு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட உடனே, வேறொருவர் பொறுப்பில் உள்ள வேறொரு சர்வருக்குப் போய்விட வேண்டும். சர்வரை நிர்வகிப்பவரும் லாக் சர்வரை நிர்வகிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. சிறிய அலுவலகங்களில் ஆள் போதாது என்பார்கள். லாக் சர்வரின் பாஸ்வேர்டையாவது மேலாளரிடம் கொடுத்து வையுங்கள்.

'லாகில் உன் பெயர்தான் இருக்கிறது' என்கிறார்கள். ஆனால் நான் செய்யவில்லை. என்ன சொல்வது?

லாகில் இருப்பது கணக்கின் பெயர்; கை யாருடையது என்பதை லாக் அறியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் என்பதுதான். ஆய்வகத்தில் எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே கணக்கில் வேலை செய்யும் இடங்களில் இந்த லாகுகளால் யாரையும் குற்றம் சாட்டவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. அடுத்து, எந்த முகவரியிலிருந்து, எந்த லாகான் டைப்பில், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். அந்த நேரம் யூடிசியா உள்ளூர் நேரமா என்றும் கேளுங்கள். திரையைப் பூட்டாமல் எழுந்துபோன இடைவெளியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், லாகில் உங்கள் பழைய அமர்வுதான் தொடரும்.

பொதுக் கணக்கைத் தவிர்க்க முடியாத இடங்களில் லினக்ஸ் ஆடிட் அமைப்பு ஒரு நல்ல வசதி தருகிறது. ஒருவர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்த கணத்தில் அவருக்கு ஒரு 'ஆடிட் ஐடி' ஒட்டப்படுகிறது. பிறகு அவர் 'சூடோ' வழியாக ரூட்டாக மாறினாலும், வேறொரு கணக்குக்குத் தாவினாலும் அந்த எண் மாறாது. 'ரூட் அழித்தது' என்று மட்டும் நின்றுவிடாமல், ரூட்டாக மாறும்முன் யாராக வந்தார் என்பதுவரை போகலாம். இதற்கு ரூட்டாக நேரடியாக லாகின் செய்வதை முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

2038-இல் இந்த லாகின் பதிவுகள் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பழைய கோப்புகளைப் பொறுத்தவரை உண்மைதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் எண் 2038 ஜனவரி 19 அன்று யூடிசி 03:14:07-க்கு நிரம்பிவிடும். 64 பிட் கணினிகளில் கர்னல் எப்போதோ பெரிய எண்ணுக்கு மாறிவிட்டது. ஆனால் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் யூடிஎம்பி, டபிள்யூடிஎம்பி கோப்புகளின் வடிவம் பழைய 32 பிட் நிரல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக நேரத்தை இன்னும் 32 பிட்டிலேயே வைத்திருக்கிறது.

மாற்றம் தொடங்கிவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி', 'லாஸ்ட்லாக்' என்ற பழைய கட்டளைகள் வழக்கமான தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் 'டபிள்யூடிஎம்பிடிபி', 'லாஸ்ட்லாக்2' ஆகியவை வந்துள்ளன. இவை சிறிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதுகின்றன. உங்கள் அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கைக்காகப் பழைய கட்டளைகளை அழைக்கும் ஸ்கிரிப்டுகள் இருந்தால், மேம்படுத்துவதற்கு முன் அவற்றைத் தேடி மாற்றுங்கள். பழைய டபிள்யூடிஎம்பி கோப்பின் ஒரு பிரதியையும், அதைப் படிக்க உதவும் ஒரு பழைய கணினியையும் தேவைப்படும் காலம்வரை வைத்திருங்கள்.